மணல் ஈயின் எச்சில்

எச்சில் என்னும் சொல் நம்மவர் வாயில் பெரும்பாலும் அருவருப்போடுதான் வரும். எச்சில் இலை, எச்சிற் கை, எச்சிற் பாத்திரம் என்று ஒதுக்கிப் பழகிவிட்டோம். ஆயினும் குழந்தையை எறும்பு கடித்துவிட்டால், தாய் தன் விரல் நுனியில் எச்சிலைத் தொட்டு அந்த இடத்தில் தடவிவிடுவதையும் கண்டிருக்கின்றோம். இழிந்ததென்று ஒதுக்கும் பொருளிலே ஏதோ ஒரு வன்மை உண்டென்பதை நம் முன்னோர் ஒருவாறு உணர்ந்திருந்தனர் போலும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மனிதனுடைய எச்சிலைப் பற்றியன்று. எள்ளளவே உள்ள ஒரு பூச்சியின் எச்சிலைப் பற்றி. அது கடிக்கும்போது நம் தோலிலே விடும் நீரைத் துளியென்று சொல்வதும் மிகை. அந்த நீரிலே என்ன இருக்கின்றது, அது என்ன செய்கின்றது என்பதை ஆராய்வதில் அறிஞர் சிலர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கின்றனர்.

நான் கலைப்பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்து, பின்னர் அதிபரானவன். விஞ்ஞானம் என் துறையன்று. இந்த விடயத்தில் நான் புகுந்ததற்குக் காரணம் ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் வன்னிப் பகுதியிலே ஒரு கிராமப் பாடசாலைக்கு அதிபராக இருந்தேன். எட்டாந் தரத்திற் படித்த ஒரு பெண்பிள்ளையின் இடக் கன்னத்தில் சிறு பருவொன்று தோன்றியது. அதில் நோவும் இல்லை, சொறிவும் இல்லை. மாதங்கள் செல்லச் செல்ல அது பெருத்து, நடுவே உடைந்து, பொருக்குப் படிந்த புண்ணாயிற்று. வீட்டார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினர். புண் ஆறவில்லை. ஊரிலே 'குட்டம்' என்ற சொல் மெல்ல நடமாடத் தொடங்கியது. பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, அந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளைகளிலிருந்து விலக்கி இருத்தவேண்டும் என்றனர். நான் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. வகுப்பின் பின்புறத்திலே தனியாக ஒரு வாங்கு போடுவித்தேன். அவள் எட்டு நாள் அந்த வாங்கில் இருந்தாள். ஒன்பதாம் நாள் பாடசாலைக்கு வரவில்லை.

அதன் பின்னர்தான் எனக்குச் சுட்டது. தகப்பனாரை அழைத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, தோல் வைத்தியரிடம் போனேன். அவர் புண்ணின் ஓரத்திலே சிறிது சுரண்டியெடுத்துக் கண்ணாடித் தட்டிலே தடவிச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். பிறகு, "அதிபர் ஐயா, இது குட்டம் அன்று, லீஷ்மேனியாசிஸ். தொட்டால் ஒட்டாது. மணல் ஈ கடித்து வந்தது" என்றார். நான் விடாது கேட்டேன். "ஈ கிருமியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறதா?" "போடுவது மட்டும் அல்ல. கிருமி படுத்துக்கொள்ளப் பாயையும் விரித்துவிட்டல்லவோ போகிறது" என்றார் அவர். அந்தப் பாய்தான் எச்சில். வைத்தியர் விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தையின் பின்னே எவ்வளவு பெரிய ஆராய்ச்சி இருக்கின்றது என்பதைப் பிறகு தேடிப் படித்து அறிந்தேன்.

மணல் ஈ என்ற பெயரைக் கேட்டதும் கடற்கரை மணலை நினைத்துவிட வேண்டா. மணலுக்கும் இதற்கும் பெரிய உறவு இல்லை. நுளம்பிலும் மிகச் சிறியது. நீளம் 2 முதல் 3 மில்லிமீற்றர். உடல் முழுவதும் மயிர் செறிந்திருக்கும். இருக்கும்போது சிறகுகளை மடக்காமல் மேல்நோக்கி விரித்தபடி வைத்திருக்கும். நுளம்பைப் போல் இரைச்சல் இடாது. நெடுந்தூரம் பறக்கவும் மாட்டாது. தத்தித் தத்தியே செல்லும். நுளம்பு நீரிலே முட்டையிடும். இதுவோ ஈரமும் மக்கலும் உள்ள மண்ணிலே, மாட்டுக் கொட்டிலின் தரையிலே, சுவர் வெடிப்பிலே, புற்றிலே முட்டையிடும். இரத்தம் குடிப்பது பெண் ஈ மட்டுமே. முட்டைகளை வளர்க்க அதற்கு இரத்தம் வேண்டும். மற்ற வேளைகளில் ஆணும் பெண்ணும் செடிகொடிகளின் இனிய சாற்றை உண்டு வாழும்.

இந்நோயை உண்டாக்கும் உயிர் பற்றீரியா அன்று. ஒரு கலமே உடலாகக் கொண்ட ஒட்டுண்ணி. அதனாலாகும் தோற்புண் மிகப் பழையது. 1756ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் றசல் என்ற வைத்தியர், சிரியாவின் அலெப்போ நகரத்தைப் பற்றி எழுதிய நூலில் இதனை விவரித்துள்ளார். ஆறுவதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு செல்லுமாதலால் ஓராண்டுப் புண் என்றே அந்நாட்டார் அதனை அழைத்தனர். அலெப்போக் கொப்புளம், பக்தாத்துக் கொப்புளம், தில்லிக் கொப்புளம் என ஊருக்கு ஊர் பெயர். கிருமியைத் தோற்புண்ணிலே 1898இல் தாசுகந்து நகரிற் கண்டு எழுதியவர் பொரொவ்சுக்கி என்ற உருசிய வைத்தியர். ஆனால் அவருடைய கட்டுரை உருசிய மொழியில் இருந்தமையால் பிறர் நெடுங்காலம் அதனை அறியவில்லை. தத்தம் மொழியில் எழுதுவோர்க்கு உலகம் செய்யும் வழக்கமான மரியாதை இதுவே.

கிருமியின் பெயருக்கும் தமிழ் நிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. உடலின் உள்ளுறுப்புக்களைத் தாக்கி, மண்ணீரலை வீங்கச் செய்து உயிரைக் குடிக்கும் கருங்காய்ச்சலும் இந்த இனத்துக் கிருமியாலேயே வருவது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் என்னும் இடத்திற் காய்ச்சலுற்று இறந்த ஒரு படைவீரனின் மண்ணீரலிலே அதனை முதலிற் கண்டவர் வில்லியம் லீஷ்மன். அவர் அதனை வெளியிட்ட 1903ஆம் ஆண்டிலேயே, சென்னையிலே சார்ல்ஸ் டொனவன் என்ற வைத்தியரும் தம்மிடம் வந்த நோயாளரிடத்தில் அதே கிருமியைக் கண்டார். இருவருக்கும் உரிய புகழைப் பங்கிட்டு, லீஷ்மேனியா டொனவானி என்று பெயர் சூட்டினார் ரொனால்ட் ரோஸ். மலேரியாவை நுளம்பு பரப்புகின்றது என்று காட்டிய அதே ரோஸ்தான்.

ஆனால் இதனைப் பரப்புவது எது? 1921இல் அல்சீரியாவிற் செர்சொந்து சகோதரர்கள் மணல் ஈக்களைப் பிடித்து நசுக்கி, கீறிய தோலிலே தேய்த்து, புண் உண்டாவதைக் காட்டினர். எனினும் கடியினால் வருகின்றது என்பதை நிறுவுவது எளிதாயிருக்கவில்லை. கிருமியை உண்ட ஈக்கள் கூண்டிலே கிடந்து, மீண்டும் கடிப்பதற்கு முன்னரே இறந்தன. அல்லது அவற்றின் வயிற்றிலே கிருமி பெருகவில்லை. இந்தியாவிலே சிமித்தும் அவரோடு உழைத்தவர்களும் ஒரு யுக்தி கண்டனர். இரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்த்திய முந்திரிகைப் பழத்தைக் கொடுத்தனர். இனிப்புண்ட ஈயின் குடலிலே கிருமி பல்கிப் பெருகியது! அதன் பயனாக சுவாமிநாத், சோட், அன்டர்சன் ஆகிய மூவரும், தாமாகவே உடன்பட்ட மனிதரை அந்த ஈக்கள் கடிக்கச் செய்து, கருங்காய்ச்சல் கடியினால் வருவதை 1942இல் வெளியிட்டனர். அந்த ஈயின் பெயர் பிளெபொற்றோமசு ஆர்ஜென்ரிப்பெசு. நம் நாட்டிலே நோயைப் பரப்புவதும் அதே இனம்.

இனி எச்சிலுக்கு வருவோம். மழைநாளில் ஈரவலயக் காட்டு வழியே நடந்தவர்களுக்கு அட்டையின் கடி தெரியும். அது கடித்தது தெரியாது. கழன்று விழுந்த பின்னரும் இரத்தம் நிற்காது வழியும். அட்டையின் எச்சிலே இரத்தத்தை உறையவிடாமற் செய்கின்றது. இரத்தத்தைக் குடித்து வாழும் எந்தப் பிராணிக்கும் இத்தகைய எச்சில் வேண்டும். ஏனெனில் நம்முடைய தோலில் ஊசிமுனை பட்டாலும் உடல் உடனே காவலை எழுப்பிவிடுகின்றது. அறுபட்ட குருதிக்குழாய் சுருங்குகின்றது. குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் துளையை அடைக்கின்றன. அதன்மேல் இரத்தம் உறைந்து மூடியாகின்றது. இம்மூன்றையும் வென்றாலன்றி ஈ பட்டினி கிடக்க வேண்டியதே.

நுளம்பு தன் மெல்லிய குழலைக் குருதிக்குழாய்க்குள்ளே செலுத்தி உறிஞ்சும் நாகரிகம் உடையது. மணல் ஈயின் வாயோ குட்டையானது. வாள் போற் பல் கொண்டது. அது தோலை அறுத்துக் கிழித்து, அங்கே ஊறும் சிறு இரத்தக் குட்டையை நக்கிக் குடிக்கும். ஆதலால் காவல் முழுவதும் அந்தக் குட்டையைச் சூழ எழுகின்றது. அதனை அடக்க மணல் ஈ எச்சிலை விடுகின்றது. அவ்வெச்சிலிலே உள்ள ஒரு நொதியம், சிறுதட்டுக்களைக் கூவியழைக்கும் இரசாயனப் பொருளைச் சிதைத்துவிடுகின்றது. மற்றொரு புரதம் உறைதலைத் தடுக்கின்றது. குருதிக்குழாயை விரியச் செய்யும் பொருளும் உண்டு. தென்னமெரிக்காவின் இலற்சோமியா லொங்கிப்பல்பிசு என்னும் மணல் ஈயிலே அப்பொருளைப் பிரித்தெடுத்து, 1991இல் மக்சாடிலன் என்று பெயரிட்டனர். குருதிக்குழாயை விரிப்பனவாக அறியப்பட்ட பொருள்களுள் இதைப்போல வலிமையுடையவை மிகச் சிலவே. பழைய உலகத்து ஈயாகிய பப்பத்தாசியிடம் மக்சாடிலன் இல்லை. அது அதே வேலைக்கு அடினோசின் என்ற வேறொரு பொருளைப் பயன்படுத்துகின்றது.

இவையெல்லாம் ஈ தன் உணவுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள். கிருமியின்மேல் அதற்கு அன்பும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் ஈயின் ஏற்பாடு கிருமிக்கு வாய்ப்பாகின்றது.

இதனை ஐயமறக் காட்டியது 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு. செய்தவர்கள் றிச்சர்ட் ரைற்றசும், பிரேசில் நாட்டவரான ஒசே றிபெய்றோவும். அவர்கள் செய்தது கேட்பதற்கு மிக எளிது. சுண்டெலிகளின் தோலிலே லீஷ்மேனியாக் கிருமியை ஊசியால் ஏற்றினர். சிலவற்றுக்குக் கிருமி மட்டும்; மற்றவற்றுக்குக் கிருமியோடு மணல் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை நசுக்கிய சாறும். சாறு சேர்ந்த எலிகளுக்குப் புண் 5 முதல் 10 மடங்கு பெரிதாயிற்று. அப்புண்ணிலிருந்த கிருமிகளின் தொகை சிலவற்றில் 5,000 மடங்கு வரை கூடியிருந்தது! இதனிலும் வியப்பானது இன்னொன்று. இயற்கையில் ஈ விடக்கூடிய அளவான மிகச் சில கிருமிகளை மட்டும் ஏற்றியபோது, எச்சில் சேர்ந்த இடத்திலேதான் பின்னர் கிருமியைக் காண முடிந்தது. எச்சில் சேராத இடத்தில் அது காணப்படவே இல்லை. கடிக்கும் ஈ பெரும்பாலும் சில நூறு கிருமிகளையே விடுகின்றது என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

எச்சில் இதனை எவ்வாறு செய்கின்றது? நம் உடலிலே புகும் அந்நியரை விழுங்கிக் கொல்வதற்கென்று பெருந்தின்குழியங்கள் என்னும் கலங்கள் உள. லீஷ்மேனியாவின் துணிவைப் பாருங்கள்: அது குடியிருப்பதற்குத் தேர்ந்துகொண்ட இடம் அந்தப் பெருந்தின்குழியமே. கள்வன் காவற்கூடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துண்டு வாழ்வது போன்றது இது. அக்கலம் விழித்துக்கொண்டால் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவை உண்டாக்கிக் கிருமியைக் கொன்றுவிடும். பப்பத்தாசி ஈயின் எச்சில் அந்த வாயு உண்டாவதைக் குறைக்கின்றது. மக்சாடிலனும் வெறுமனே குருதிக்குழாயை விரிப்பதோடு நிற்கவில்லை. காவற் கலங்கள் ஒன்றுக்கொன்று விடும் அபாயச் செய்திகளை அடக்கி, 'ஒன்றுமில்லை, அமைதியாயிருங்கள்' என்னும் செய்திகளை மிகுவிக்கின்றது. சில மணி நேரத் தூக்கம் போதும். அதற்குள்ளே கிருமி உட்புகுந்து, உருமாறி, பல்கத் தொடங்கிவிடும்.

பழி முழுவதையும் எச்சிலின்மீது சுமத்துவதும் நீதியன்று. ஈயின் குடலிலே பெருகும் கிருமிகள், தாமே ஒரு பிசின் போன்ற பொருளைச் சுரந்து ஈயின் தொண்டையை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட ஈ, குடிக்க முயன்று முயன்று முடியாமல், அப்பிசினையும் கிருமியையும் நம் தோலிலே கக்கிவிட்டு வேறிடம் தேடும். பசி தீராமையால் பலமுறை கடிக்கும். அப்பிசினும் புண்ணைப் பெருக்கும் என்பது 2004இல் வெளிவந்த ஆய்வினாற் புலனாயிற்று. 2008இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களைச் சேர்ந்த ஆய்வாளர், ஈ கடித்த சுண்டெலியின் காதுத் தோலை, அது உயிரோடிருக்கும்போதே சிறப்பு நுணுக்குக்காட்டியினூடே நோக்கினர். தோல் கிழிந்ததும் வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகையின, தீயணைக்கும் படைபோல் விரைந்து வந்து கடிவாயை மொய்த்தன, கிருமிகளை விழுங்கின, ஆனால் கொல்லவில்லை. கிருமிகள் அவற்றினுள்ளே பத்திரமாக இருந்துகொண்டு, பெருந்தின்குழியம் வரும்வரை காத்திருந்தன. ஆக, எச்சில், பிசின், கிழிந்த தோல் ஆகிய யாவும் சேர்ந்தே கடியென்பது.

இதுவரை எச்சிலைக் கிருமியின் நண்பனாகக் கண்டோம். இனி வருவது கதையின் மறுபக்கம். எனக்கு இப்பகுதியே மிகவும் சுவையாயிருந்தது.

மத்திய கிழக்கு நாடுகளிலே ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஒருமுறை அந்தப் புண் வந்து ஆறியவர்க்கு மறுமுறை வருவதில்லை என்பதை மக்கள் கண்டிருந்தனர். முகத்திலே வடு விழுந்தால் பெண்ணுக்கு வாழ்வு இல்லை என்று அஞ்சிய தாய்மார், புண்ணின் நீரை எடுத்துக் குழந்தையின் உடலில் ஆடை மறைக்கும் ஓரிடத்திலே குத்திவிடுவர். அங்கே ஒரு புண் வந்து ஆறும், முகம் தப்பிவிடும். பிற்காலத்தில் சோவியத்து ஒன்றியத்திலும் இசுரவேலிலும், 1980களில் ஈராக்கோடு போர் நடந்தபோது ஈரானிலும் அறிவியல் முறையாகவே இதனைச் செய்தனர். சிலருக்குக் குத்திய புண் ஆறாமல் நீடித்தமையால் வழக்கம் தளர்ந்தது. வடுவுக்கு அஞ்சி வடுவை விலைக்கு வாங்குவது போன்றதொரு வைத்தியம் அது. அந்தத் தாய்மாரை நான் குறைகூற மாட்டேன். எங்கள் மாணவியின் தாய் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "புண் ஆறுமா?" என்பதன்று, "தழும்பு இருக்குமா, ஐயா?" என்பதே.

அங்கே காப்பளித்தது கிருமி. எச்சில் மட்டும் காப்பளிக்குமா? சாடென் கம்காவியும் அவரோடு உழைத்தோரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த வினாவுக்கு விடை தந்தது. கிருமி இல்லாத தூய மணல் ஈக்களைச் சுண்டெலிகள்மேல் விட்டுக் கடிக்கச் செய்தனர். பின்னர் கிருமியுள்ள ஈக்களைக் கடிக்கவிட்டனர். முன்னர் கடிபட்ட எலிகளுக்கு நோய் மிகக் குறைவாயிருந்தது! அவற்றின் உடல் எச்சிலை அந்நியப் பொருளென்று முன்னரே அறிந்து வைத்திருந்தது. மறுமுறை எச்சில் பட்டதும் அவ்விடத்திலே காவற் கலங்கள் விழித்தெழுந்து திரண்டன. அந்த ஆரவாரத்திலே எச்சிலோடு வந்த கிருமியும் அடிபட்டது. கள்வனை அறியாத நாய், அவன் ஏறிவந்த வண்டியின் ஓசையை அறிந்து குரைத்த கதைதான்.

இதிலிருந்து எழுந்தது ஒரு புதிய எண்ணம்: கிருமிக்கு எதிராக மட்டுமன்றி, ஈயின் எச்சிலுக்கு எதிராகவும் தடுப்பு மருந்து செய்யலாம். பப்பத்தாசி ஈயின் எச்சிலிலிருந்து ஒரு புரதத்தைத் தெரிந்தெடுத்து, அது சுண்டெலிகளைக் காப்பதை 2001இற் காட்டினர். அதனையொத்த புரதமொன்றைக் கொண்டு குரங்குகளிலும் நற்பயன் கண்டதாக 2015இல் அறிக்கை வெளிவந்தது. வேறோர் ஆய்வு, முன்னைய தடுப்பு மருந்துகள் பல ஏன் தோற்றன என்பதற்கும் ஒரு காரணம் காட்டியது. கொன்ற கிருமியாற் செய்த தடுப்பு மருந்து, ஊசியால் கிருமியை ஏற்றிய எலியைக் காத்தது. அதே மருந்து, ஈ கடித்த எலியைக் காக்கவில்லை. 2009இல் வெளிவந்தது இது. ஆய்வுகூடத்து ஊசியில் எச்சில் இல்லை. வயல்வெளியில் ஊசி இல்லை.

ஆனால் இந்த மகிழ்ச்சியிலே மிதந்துவிடலாகாது. பிரேசிலிலே இலற்சோமியா இன்ரர்மீடியா என்னும் வேறொரு மணல் ஈயின் எச்சிலை எலிகளுக்கு முன்னரே ஏற்றிப் பார்த்தபோது, நோய் தணியவில்லை. அங்கே நோயுற்ற மனிதரின் இரத்தத்தில் அந்த எச்சிலுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருக்கவும் கண்டனர். பின்னர் 2013இல், அதே எச்சிலிலிருந்து ஒரு புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றியபோது அது காப்பளித்தது. ஒரே எச்சிலிலே நன்மை செய்வதும் தீமை செய்வதும் கலந்திருக்கின்றன. மேலும், நீண்டகாலம் ஓயாது கடிபட்ட எலிகளிலே காப்பு மறைந்துபோவதும் காணப்பட்டது. ஆதலால், 'மணல் ஈ நன்றாகக் கடிக்கட்டும், உடம்பு பழகிவிடும்' என்று எவரும் திண்ணையிற் படுத்துவிடலாகாது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியாசிஸ் நோயாளரைப் பற்றிய அறிக்கை 1992இல் வெளிவந்தது; அவர் தென்பகுதியைச் சேர்ந்தவர். 2001ஆம் ஆண்டின் பின்னர் நோய் பெருகியது. அக்காலத்தில் வடக்கிலே கடமையாற்றிய படைவீரர் பலர் இதனால் வருந்தினர். புது இடத்துக்கு வந்தவர்களை அவ்விடத்து எச்சிலுக்குப் பழகாத உடல் காட்டிக்கொடுத்ததா என்று கேட்கத் தோன்றும். காட்டிலே திறந்த வெளியில் இரவைக் கழிப்பவன் மிகுதியாகக் கடிபடுவான் என்பதும் அவ்வளவு நல்ல காரணமே. அம்பாந்தோட்டை, மாத்தறை, அனுராதபுரம், பொலனறுவை, குருநாகல் ஆகிய மாவட்டங்களிலும் நோய் வேரூன்றியது. 2008 முதல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று.

இலங்கை நோயிலே ஒரு புதுமை உண்டு. இங்கே தோலிலே புண்ணை உண்டாக்குவது லீஷ்மேனியா டொனவானி. அதாவது, இந்தியாவிலே கருங்காய்ச்சலை உண்டாக்கும் அதே இனம். அங்கே உயிர் குடிப்பது, இங்கே பெரும்பாலும் தோலோடு அடங்கி நிற்கின்றது. உள்ளுறுப்பு நோய் மிகச் சிலருக்கே வந்திருக்கின்றது. கிருமியின் மரபணுக்களிலே உள்ள வேறுபாடுகளை ஆய்வாளர் இதற்குக் காரணமாகக் காட்டியுள்ளனர். இவ்விடத்தில் மத்திய அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. பிரேசிலிலே உள்ளுறுப்பைத் தாக்கும் ஒரு லீஷ்மேனியா, கொஸ்தாரிக்காவிலே தோலில் மட்டும் தடிப்பை உண்டாக்குகின்றது. இரு நாட்டிலும் பரப்புவது லொங்கிப்பல்பிசு என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் ஈ. எச்சிலைச் சோதித்தபோது, கொஸ்தாரிக்கா ஈயிலே மக்சாடிலன் மிகச் சிறிதே இருந்தது; பிரேசில் ஈயிலே மிகுதியாய் இருந்தது. 1994இல் இது வெளிவந்தபோது, நோயின் உருவத்தைக் கிருமி மட்டுமன்றி ஈயின் எச்சிலும் வகுக்கின்றதோ என்ற வினா எழுந்தது. ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடுவது போல, ஈக்கு ஈ எச்சிலும் வேறுபடுகின்றது.

எச்சிலால் இன்னொரு பயனும் கண்டிருக்கின்றனர். கடிபட்டவரின் இரத்தத்தில் எச்சிலுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றுமாதலின், அவற்றை அளந்தால் ஓர் ஊரார் எவ்வளவு கடிபட்டனர் என்பதை ஒருவாறு கணிக்கலாம். இந்தியாவிலும் நேபாளத்திலும் மருந்தூட்டிய வலைகளைக் கொடுத்து, அவை கடியைக் குறைத்தனவா என்று இவ்வாறே சோதித்தனர். குறைத்தன, ஆனால் சிறிதளவே. இரவுணவுக்கு முன்னே முற்றத்திலே உட்கார்ந்திருப்பவரை வலை எப்படிக் காக்கும்?

எங்கள் மாணவிக்குப் புண்ணைச் சுற்றியும் புண்ணுக்குள்ளும் கிழமைக்கு ஒருமுறை சோடியம் சிரிபோகுளூக்கொனேற்று என்னும் மருந்தை ஊசியால் ஏற்றினர். திரவ நைதரசனால் உறையவைக்கும் முறையும் உண்டு. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. முகத்திலே ஊசி என்றால் நோவு சொல்லுந்தரமன்று. அவள் ஒரு கிழமையேனும் தவறவில்லை. திரும்பிப் பாடசாலைக்கு வந்த நாளில், முன்வரிசையில் அவளுக்கு இடம் வைத்திருந்தேன். அவள் அதனைப் பார்த்துவிட்டு, தன் பழைய தோழியின் பக்கத்திலே போய் இருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தனி வாங்கை அன்று மாலையே களஞ்சிய அறைக்குள் தள்ளுவித்தேன். கன்னத்திலே ஒரு சதத்தின் அளவு வடு இருக்கின்றது.

நேயர்களே, ஆடை மறைக்காத இடத்திலே, நோவும் சொறிவும் இல்லாத ஒரு பரு வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அதனைக் கண்டுகொள்ளுங்கள். சூடு போடுவதும், கண்ட சாற்றைப் பூசுவதும் வடுவைப் பெரிதாக்கவே உதவும். அரசாங்க வைத்தியசாலையின் தோற்சிகிச்சைப் பிரிவிலே இதற்கு இலவசமாகவே மருந்து உண்டு. சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் மணல் ஈ நுழைந்துவிடும்; கண் நெருங்கிய வலையோ, மருந்தூட்டிய வலையோ வேண்டும். மாலை மங்கும் வேளையில் நீண்ட கைச்சட்டை அணிவதும், வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டிலைத் தள்ளிப் போடுவதும், எருவையும் இலைக்குப்பையையும் சுவரோரத்தில் மக்கவிடாமல் அகற்றுவதும், சுவரின் வெடிப்புக்களை மெழுகிவிடுவதும் நம் கையிலுள்ள காரியங்கள். நோய் உறுதியானதும் வைத்தியர் சுகாதாரப் பகுதிக்கு அறிவிப்பார்; சில நாளிலே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். அவரைக் கண்டு படலையைச் சாத்திவிட வேண்டா. அவர் பிள்ளையைப் பழிகூற வரவில்லை. மாட்டுக் கொட்டிலைப் பார்க்கவே வருகின்றார்.